பஸ் வெட்டும் துருசுச் சக்கரமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுதர்சன் என்கிற ஆசிரியர் மடிக்கணினியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு உருத்திரபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். லீவு நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுப்பார். இந்த முறை எடுத்திருப்பது பறக்கும் வீரன் படம். தோளில் சிவப்புத் துணி கட்டிய ஒருவன் இரணைமடுக் குளத்துக்கு மேலாகப் பறந்து வந்து, நெருப்புக் கக்கும் ஒருவனோடு வயலுக்குள் நின்று மோதுகிறான்.

"அண்ணை, பத்து நிமிசச் சண்டை. கொம்பியூட்டருக்கு முன்னால மூண்டு மாசம் இருந்து செய்தனாங்கள். இடி, மின்னல், நெருப்பு எல்லாம் கிடக்கு. ஆனால் பாக்கிற சனம் பாதியில போனை எடுத்து நோண்டுது. எங்கை பிழையெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

ஏன் நான் என்று கேட்டேன்.

"வவுனியாத் தியேட்டரில சண்டைப் படத்துக்குக் கத்தரி வைச்ச ஆள் நீங்கள்தானாம். உங்கட கை பட்டால் சண்டை சூடு பிடிக்குமெண்டு எங்கட ஐயா இப்பவும் சொல்லுவார்."

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு இரண்டாம் முறையும் தேத்தண்ணி போடச் சொன்னேன். படத்தை மூன்று தரம் போட்டுப் பார்த்து, இதை வெட்டுங்கோ, அதைக் குறையுங்கோ என்று ஒரு மணித்தியாலம் புத்தி சொல்லி அனுப்பினேன். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல எனக்குத் துளியும் விருப்பமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வவுனியாவில் ஒரு தியேட்டரில் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். இரண்டு வருடம் சுருள் சுற்றினேன், இயந்திரம் துடைத்தேன், படம் ஓட்டுகிற மூத்த ஒப்பரேற்றருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர் ஊரைவிட்டுப் போக, இயந்திர அறை என் கைக்கு வந்தது. நாட்டில் சண்டை வந்து தியேட்டர் பூட்டியதும், திறந்ததும், நாங்கள் ஓடியதும், திரும்பி வந்ததும் எல்லாருடைய கதையும்தான். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வந்த நாலைந்து வருடத்துக் கதை.

பாதை திறந்ததும் சனம் தியேட்டரை மொய்த்தது. துணுக்காயிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஆட்கள் காலையில் வந்து, ஆஸ்பத்திரி, வங்கி, அரசாங்கக் கச்சேரி அலுவல்களை முடித்துவிட்டு, மத்தியானம் இரண்டரைக் காட்சிக்கு வந்து உட்காருவார்கள். துணுக்காய்க்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் வவுனியாவில் படுக்கவேண்டியதுதான். ஆனபடியால் இரண்டரைக் காட்சி என்ன படமாக இருந்தாலும் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். படம் நீளமாக இருந்தால் வெட்டவேண்டும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பஸ் வெட்டு.

வெள்ளிக்கிழமை புதுப்படம் மாறும். காலைப் பத்தரைக் காட்சியை முழுசாக ஓட்டுவேன். ஓட்டும்போதே எங்கே வெட்டுவது என்று குறித்துக்கொள்வேன். ஒன்றேகால் மணி போலக் காட்சி முடிந்ததும் சுருளை மேசையில் ஏற்றிக் கையால் சுற்றி, குறித்த இடத்தில் வெட்டி, இரண்டு முனையையும் டேப் போட்டு ஒட்டுவேன். வெட்டிய துண்டுக்கு நம்பர் எழுதிச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவேன். படம் கொழும்புக்குத் திரும்பிப் போகும்போது எல்லாத் துண்டும் அதனதன் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஒருமுறை மறதியாக ஒரு சண்டையின் இரண்டு துண்டுகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். வில்லன் வந்து இறங்குவதற்கு முன்னமே வீரன் அடி வாங்கிப் பறந்து போய் விழுந்தான். ஒரு கிழமை ஓடியது. ஒரு மனிதர்கூட வந்து கேட்கவில்லை.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கட்டடம் இடிகிறது, கார் பறக்கிறது, வீரனைத் தூக்கிச் சுவரில் அறைகிறார்கள், அவன் தூசி தட்டாமல் எழும்புகிறான். ஐந்து தரம் அறைந்தால் என்ன, மூன்று தரம் அறைந்தால் என்ன? வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் ஒரு சண்டையில் எவ்வளவு சதை, எவ்வளவு காற்று என்று தெரியும். ஆனால் எனக்கு அது பாதிதான் தெரிந்தது. எதை எடுத்தால் சனம் கவனிக்காது என்று தெரியும். எதை எடுத்தால் சண்டை செத்துப்போகும் என்று தெரியாது.

முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் படம் பார்க்க மாட்டார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததை நான் காணவில்லை. வெளிவாசலில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சேட்டுப் பையில் பஸ் நேர அட்டவணை மடித்து வைத்திருப்பார். வெளியே வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் படம் எப்படி என்று தீர்மானிப்பார். சத்தம் போட மாட்டார். ஐம்பது வயது ஆளையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நல்ல சேதி சொல்லும்போது தூரத்தில் நின்று சொல்லுவார். பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தால் ஏதோ பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

லெட்சுமி என்பவள் இருட்டுக்குள் ரோச் லைற் பிடித்துச் சனத்துக்கு இடம் காட்டுகிற பெண். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறியவர்கள். புருசன் இல்லை, ஒரு மகள். கூட்டுகிற வேலைக்கு வந்தவள், ரோச் பிடித்த கிழவர் நின்றுபோக அந்த வேலைக்கு வந்தாள். நான் அவளை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. தோட்டத்திலிருந்து வந்த சனத்தை எங்கள் ஆட்கள் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. என்னிடமும் அது இருந்தது. இல்லையென்று எழுதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

ரோச் பிடிக்கிறவருக்குக் கதிரை கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று காட்சி, மூன்றிலும் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நிற்கவேண்டும். நின்றபடியே அவள் ஒவ்வொரு படத்தையும் இருபது முப்பது தரம் பார்ப்பாள். படத்தைப் பார்ப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது தமிழ் பேசவைத்த ஒரு வெளிநாட்டுப் படம். கவசம் போட்ட வீரன். இரண்டு மணி நாற்பது நிமிடம். இடைவேளையோடு முடிய ஐந்து இருபத்தைந்து ஆகும். இருபது நிமிடம் வெட்டவேண்டும். கடைசிச் சண்டை மட்டும் அரை மணித்தியாலத்துக்கு மேல். நகரத்தையே தூக்கி அடிக்கிறார்கள். அதற்கு நடுவில் ஒரு நாலு நிமிடம். வீரனின் கவசம் உடைந்து, பலம் எல்லாம் போய்விட்டது. மேலே பெரிய அணை. தண்ணீர் ஊருக்குள் வரப்போகிறது. அணைக் கதவை மூட அவன் ஒரு துருப்பிடித்த இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் திருப்புகிறான். எங்கள் ஊர்க் குளங்களில் தண்ணீர் திறக்கிற துருசுக்கு இருக்கிற அதே மாதிரிச் சக்கரம். கால் சுற்றுத் திரும்புகிறது, வழுக்கிப் பின்னுக்கு வருகிறது. ஒரு கை முறிந்திருக்கிறது. தூரத்தில் வில்லன் அவசரமில்லாமல் நடந்து வருகிறான். பாட்டு இல்லை, வெடி இல்லை. சக்கரம் கிரீச்சிடுவது மட்டும் இடைக்கிடை கேட்கும்.

நான் அந்த நாலு நிமிடத்தைத்தான் முதலில் வெட்டினேன்.

இதில் தொழில் சம்பந்தமான காரணம் ஒன்று உண்டு. படச்சுருளில் படமும் அதன் சத்தமும் ஒரே இடத்தில் இராது. சத்தம் இருபது கட்டம் தள்ளி இருக்கும். வெடி முழங்குகிற இடத்தில் வெட்டினால் ஒட்டுப் போட்ட இடத்தில் சத்தம் குதிக்கும், சனம் கூ அடிக்கும். அதனால் ஒப்பரேற்றர் எப்போதும் சத்தம் குறைந்த இடமாகத் தேடித்தான் வெட்டுவான். அமைதியான இடம் எங்களுக்கு வெட்ட வசதியான இடம், அவ்வளவுதான். அறையில் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும். எனக்கு இருந்தது ஒரு சாண் கண்ணாடித் துவாரம். அதற்குள்ளால் திரை தெரியும், சனம் தெரியாது.

அன்று இரண்டரைக் காட்சியில் நாலே முக்காலுக்கே சனம் எழும்பத் தொடங்கியது. திரையில் நகரம் இடிந்துகொண்டிருந்தது. கீழே செருப்புச் சத்தம் கேட்டது. காட்சி முடிந்து நான் இறங்கிவர, முதலாளி பஸ் அட்டவணையைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

"தம்பி, பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் கிடக்கேக்கையே சனம் வெளிக்கிட்டிட்டுது. ஏன்?"

"படம் அப்பிடித்தான் ஐயா. சும்மா இடிச்சுக்கொண்டே நிக்கிறாங்கள்" என்றேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

லெட்சுமி வாசலில் கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். முதலாளி அவளைப் பார்த்து, "நீ சொல்லு பிள்ளை. காலமை ஆக்கள் இருந்து பாத்தவையெல்லோ?" என்றார்.

"காலையில நல்லா பாத்தாங்க ஐயா. அந்தச் சக்கரத்தத் திருப்புற எடத்துல ஒருத்தரும் கடல கொறிக்கல. முன் சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அவங்களும் சேந்து திருப்புனாங்க. ஒரு பெரியவரு, 'மற்றப் பக்கம் திருப்படா, மற்றப் பக்கம்'னு கத்தினாரு. மத்தியானம் பாத்தா அந்த எடத்தையே காணோம்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. துருசுச் சக்கரம் எவ்வளவு பாரம் என்று தெரியாத ஆளா நான்? உருத்திரபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்க அப்பாவோடு போய்த் தொங்கியிருக்கிறேன். ஒரு மாடிக் கட்டடம் எவ்வளவு பாரம் என்று தியேட்டரில் இருந்த யாருக்கும் தெரியாது. துருசுச் சக்கரத்தின் பாரம் எல்லாருடைய கையிலும் இருந்தது. இதை நான் கண்டிருக்க வேண்டும். கூட்டுமாறு வைத்திருந்தவள் கண்டாள்.

முதலாளி உடனே ஒரு ஏற்பாடு செய்தார். துண்டுகளை எல்லாம் திருப்பி ஒட்டி, சனிக்கிழமை காலைக் காட்சியை முழுசாக ஓட்டவேண்டும். லெட்சுமி தன் வழக்கமான இடத்தில் நின்று சனத்தைப் பார்ப்பாள். சனம் படத்தோடு ஒட்டி நிற்கிற இடத்தில் என் துவாரத்தை நோக்கி ரோச்சை ஒருமுறை மின்னுவாள். சனம் கழன்ற இடத்தில் இரண்டுமுறை. நான் அந்த நேரத்தில், ஓடிமுடிந்து கீழே சுற்றிக்கொண்டிருக்கும் சுருளுக்குள் ஒரு தாள் துண்டைச் செருகவேண்டும். ஒரு மின்னலுக்கு வெள்ளைத் தாள். இரண்டுக்குப் பழைய நுழைவு ரிக்கற்றின் ரோசாத் தாள். பிறகு மேசையில் சுற்றும்போது ரோசா வருகிற இடத்தை வெட்டவேண்டும். வெள்ளையைத் தொடக்கூடாது.

"இது சரிவந்தால் பிள்ளை, இனி நீ நிக்கத் தேவையில்லை" என்றார் முதலாளி. "பின்னுக்கு உனக்கொரு கதிரை போடுறன். முதல் காட்சியை இருந்து பார். எங்கை வெட்டுறதெண்டு நீயே சொல்லு. தம்பி வெட்டட்டும்."

இதைத் தூரத்தில் நின்றுதான் சொன்னார். நல்ல சேதி. லெட்சுமி ரோச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பி வெட்டட்டும் என்ற சொல்லை அன்று இரவு முழுக்கப் படுக்கையில் புரட்டிக்கொண்டு கிடந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அறையில் வெந்தவன் நான். அவள் சொல்ல நான் வெட்டுவதா?

சனிக்கிழமை காலை, சொன்னபடி செய்தாள். நானும் செருகினேன். அவள் மின்னிய இடங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் எல்லாம் சரியாக இருந்தது. வீரன் அடிப்பதற்கு ஓங்கும்போது மின்னமாட்டாள், அடிக்கலாமா என்று யோசிக்கும்போது மின்னுவாள். விழும்போது மின்னமாட்டாள், எழும்ப முடியாமல் கை ஊன்றும்போது மின்னுவாள். பெரிய பெரிய வெடிக்கு இரண்டு. சக்கரம் வந்ததும் ஒன்று மின்னிவிட்டு, கொஞ்சம் சுணங்கி, இன்னொரு தனி மின்னல். அழுத்திச் சொல்லுகிறாளாம்.

மத்தியானம் அறையில் நான் தனியாக இருந்தேன். மேசையில் சுற்றிக்கொண்டு போக, சக்கரத்து இடத்தில் வெள்ளைத் தாள் வெளியே எட்டிப் பார்த்தது. அதை உருவிப் பையில் வைத்தேன். ரோசாத் தாள் ஒன்றை அதே இடத்தில் செருகினேன். யாருக்குக் காட்ட அதைச் செருகினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அறையில் வேறு யாரும் இல்லை. பிறகு ரோசா இருக்கும் இடம்தானே என்று வெட்டினேன்.

இரண்டரைக் காட்சியில் வெள்ளிக்கிழமையைவிட மோசம். நாலு நாற்பதுக்கே வாசல் நிறைந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவள் மின்னினபடிதான் ஐயா வெட்டினன்" என்றேன். ரோசாத் தாளையும் காட்டினேன்.

அவர் லெட்சுமியிடம் கோபப்படவில்லை. "சரி பிள்ளை, நீ உன்ர இடத்திலயே நில்லு" என்று மட்டும் சொன்னார். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய் வரிசை வரிசையாகக் கூட்டத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காட்சிக்கு முன்னம், லெட்சுமி முதன்முதலாக என் அறைப் படி ஏறி வந்தாள். கதவடியில் நின்றாள். ஆணியில் தொங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தச் சக்கரத் துண்டு எது?"

காட்டினேன்.

"இத ஒட்டிருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, துணுக்காய் ஆளுங்க நெறைய வருவாங்க. வேற எதையாச்சும் வெட்டிக்குங்க."

இறங்கிப் போய்விட்டாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். ஒட்டினேன். அவளுடைய ரோசாத் தாள்கள் எங்கே இருந்தன என்று எனக்கு மனப்பாடம். அந்த இடங்களில் மிச்சம் விட்டிருந்ததையும் வெட்டினேன்.

அன்று இரண்டரைக் காட்சியில், சக்கரம் வரும் சுருளை மாட்டிவிட்டு, கதவைத் திறந்து படியில் இறங்கித் தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓடும் படத்தை விட்டுவிட்டு நான் அறையால் வெளியே வந்தது அந்த ஒரு தரம்தான். ஒரு சத்தம் இல்லை. நூற்றுக்கணக்கான தலை அசையாமல் இருந்தது. ஒரு மனுசி மடியில் கிடந்த பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சக்கரம் பின்னுக்கு வழுக்கியபோது சபை முழுக்க "ஐயோ" என்றது. திரையில் அணைக் கதவு மூடியதும் ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வெடியும் போதுமானதாக இருந்தது. லெட்சுமி சுவரோடு நின்றாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

காட்சி முடிந்து சனம் பஸ்ஸுக்கு ஓடும்போதும் சக்கரத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு ஓடியது. முதலாளி தூரத்தில் நின்று, "தம்பி, இண்டைக்கு நீயே செய்தனியோ?" என்றார்.

"ஓம் ஐயா."

"அப்பிடியெண்டால் இனி நீயே பார். உன்ர கைதான் ராசியான கை."

லெட்சுமி பக்கத்திலேயே நின்றாள்.

அன்றிலிருந்து என் பெயர் பரவியது. இனிமேல் சொல்லப்போவது அதைவிடக் கேவலம். அடுத்த வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சியில், யாரும் சொல்லாமலே, கீழிருந்து ரோச் மின்னியது. ஒன்று. சிறிது நேரத்தில் இரண்டு. நான் தாளைச் செருகினேன். அப்படியே புது இயந்திரம் வரும்வரைக்கும் நடந்தது. அவள் மின்னுவாள், நான் வெட்டுவேன், ஊர் என்னைப் புகழும். கீழே சந்தித்தால் இருவரும் அதைப் பற்றி ஒரு கதையும் கதைப்பதில்லை. கதிரை வரவில்லை. அவள் முழங்கால் வீங்கி, கடைசி வருடங்களில் சுவரில் சாய்ந்து நின்றாள். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை இன்னும் கூடித்தான் வந்தது. ஒருநாளாவது அவள் பிழையாக மின்னமாட்டாளா என்று காத்திருந்தேன். மின்னவில்லை. பிறகு கணினியில் படம் ஓடத் தொடங்கியது. அதை வெட்ட யாராலும் ஏலாது. பஸ்ஸும் இரவு வரை ஓடத் தொடங்கியது. நான் வீட்டுக்கு வந்தேன். அவள் கண்டாவளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

சுதர்சனுக்கு நான் சொன்ன புத்தியில் ஒன்று இது. அவர்களுடைய வீரன் வயலுக்குள் இறங்கியதும் ஒரு செருப்புச் சேற்றுக்குள் புதைந்துவிடுகிறது. அவன் குனிந்து, கைவிட்டு அதை இழுத்தெடுத்து, மாட்டிக்கொண்டுதான் சண்டைக்குப் போகிறான். "பறக்கிறவனுக்குச் செருப்பு ஏன்? சனம் சிரிக்கும். வெட்டுங்கோ" என்றேன். சொல்லும்போது நல்ல நிச்சயமாகத்தான் சொன்னேன். இரவு படுத்தபோது அந்த நிச்சயம் கழன்றுவிட்டது. ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு சுதர்சன் என் போனில் போட்டுத் தந்த படத்தையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கண்டாவளைக்குப் போனேன்.

லெட்சுமி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "அண்ணே, வாங்க வாங்க" என்று உள்ளே ஓடிப்போய் வீட்டில் இருந்த ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்தேன். விசயத்தைச் சொன்னேன். போனைத் தண்ணீர்த் தொட்டிக் கட்டில் சாத்தி வைத்துப் படத்தைப் போட்டேன். பக்கத்து வளவில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த மூன்று நாலு பேரையும் மகளையும் கூப்பிட்டாள். அவர்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். லெட்சுமி அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"லெட்சுமி, இருங்கோவன்" என்று கதிரையை விட்டு எழுந்தேன்.

"வேணாம்ணே. நின்னு பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்."

கோழிக் கூட்டுக்குப் போக வைத்திருந்த சின்ன ரோச் அவள் கையில் இருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடி, மின்னல், நெருப்பு. அவளுடைய பெருவிரல் தன்பாட்டில் இரண்டுமுறை அழுத்தியது. மறுபடி இரண்டு. வீரனின் செருப்புச் சேற்றுக்குள் போனது. குந்தியிருந்தவர்களில் ஒருவர், "விரலை உள்ளுக்கு விட்டு இழுடா" என்றார். ரோச் ஒருமுறை மின்னியது.

படம் முடிந்து ஆட்கள் போனதும் நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றே தெரியவில்லை.

"அந்தச் சனிக்கிழமை வெள்ளைத் தாளை நான் மாத்தினது உங்களுக்குத் தெரியுமோ?"

"அன்னைக்கே தெரியும்ணே."

"முதலாளியிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உங்கள நிப்பாட்டியிருப்பாரு. மறுநாள் யாரு ஒட்டுறது? எனக்கா ஒட்டத் தெரியும்?" என்றாள். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கதிரதான் போயிருச்சேன்னு ரெண்டு மூணு நாளு அழுதேன். அப்புறம் விட்டுட்டேன்."

போனை எடுத்துச் சுதர்சனுக்கு அடித்தேன்.

"தம்பி, அந்தச் செருப்பை வெட்டிப்போட்டியளோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்ன அண்டைக்கே வெட்டிட்டம்."

"திருப்பிப் போடுங்கோ. வெடியில பாதியை எடுங்கோ."

"ஆர் அண்ணை சொன்னது?"

நான்தான் யோசித்துப் பார்த்தேன் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழகிய நாக்கு. லெட்சுமி ரோச்சோடு பக்கத்தில் நின்றாள்.

"லெட்சுமி சொன்னவா. தியேட்டரில ரோச் பிடிச்சவா. அங்கை நான் வெட்டினது முழுக்க அவா காட்டித் தந்ததுதான். நான் கத்தரிக்கோல் பிடிச்சனான், அவ்வளவுதான்."

"அப்ப நாங்கள் ஆளை மாறி வந்திட்டமோ அண்ணை?"

"ஓம்" என்றேன். லெட்சுமி வீட்டுக்கு வரும் பாதையைச் சொல்லிக் கொடுத்தேன். காலமை மாட்டு வேலை, பின்னேரம் வாங்கோ என்றேன். "இன்னொண்டு தம்பி. வரேக்கை ஒரு கதிரை கொண்டு வாங்கோ. நல்ல கதிரை, கை வைச்சது. காசு நான் தாறன்."

"எனக்கெதுக்குண்ணே? நான்தான் நின்னு பாக்குறவளாச்சே" என்று லெட்சுமி சிரித்தாள்.

"கிடக்கட்டும்" என்றேன். "வீட்டில கிடக்கட்டும்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். நெஞ்சில் பாரம் இறங்கியதா என்றால், கொஞ்சம் இறங்கியதுதான். ஆனால் பரந்தன் சந்தி தாண்டும்வரை நான் நினைத்துக்கொண்டு வந்தது வேறொன்றை. மூன்று தரம் பார்த்தும் அந்தச் செருப்பு எனக்கு ஏன் தெரியாமல் போனது? அவளுக்கு ஒரே பார்வையில், அதுவும் படத்தைப் பாராமலே, எப்படித் தெரிந்தது? வீட்டு வாசலில் இறங்கும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.